பாட்டுக்குச் சந்தா கட்டுவதற்கு முன்: வீட்டிலும் இணையம் எட்டாத இடத்திலும் கேட்பதற்கான முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் இணைய இசைச் சேவைகள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைத்த காலம் மெல்ல முடிந்துவருகிறது. கானா 2022இல் இலவசச் சேவையைக் கைவிட்டுச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று மாறியது. ரெஸ்ஸோ 2024 ஜனவரி இறுதியில் இந்தியாவில் மூடப்பட்டது. அதே ஆண்டில் ஏர்டெல் தனது விங்க் மியூசிக்கை நிறுத்துவதாக அறிவித்தது. எஞ்சியிருப்பவற்றில் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக், ஜியோசாவன், அமேசான் மியூசிக், கானா ஆகியவையே தமிழ்ப் பாடல் கேட்பவர்கள் வழக்கமாக ஒப்பிட்டுப் பார்ப்பவை. இவற்றில் சில, தம்மிடம் பத்துக் கோடிப் பாடல்கள் இருப்பதாகப் பெருமை பேசுகின்றன. அந்தப் பத்துக் கோடியில் உங்களுக்கு வேண்டிய சில நூறு பாடல்கள் இருக்கின்றனவா, நீங்கள் கேட்கும் இடத்தில், உங்களிடம் ஏற்கெனவே உள்ள கருவியில் அவை ஒலிக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விளம்பரத்தில் விடை கிடைக்காது. ஆகவே இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டே செல்கிறது. சந்தா விலைகள் அடிக்கடி மாறுவதால் அவற்றை இங்கே எழுதவில்லை; பணம் கட்டும் நாளன்று அந்தந்தச் செயலியிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

படி 1: உங்கள் பாடல்களைத் தாளில் எழுதுங்கள்

எந்தச் செயலியையும் திறப்பதற்கு முன்னால், வீட்டில் உள்ள அனைவரையும் கேட்டு முப்பது நாற்பது பாடல்களின் பட்டியல் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். சென்ற மாதம் வெளியான படத்தின் பாடல்களை இதில் சேர்த்துப் பயனில்லை. அவை எல்லாச் சேவைகளிலும் கிடைத்துவிடும். எளிதில் அகப்படாதவற்றையே எழுத வேண்டும்: ஐம்பது அறுபதுகளின் படப் பாடல்கள், மார்கழியில் போடும் பக்திப் பாடல்கள், ஒலிநாடாக் காலத்தில் சிறு நிறுவனங்கள் வெளியிட்ட கச்சேரிகள், நாதஸ்வரப் பதிவுகள், நாட்டுப்புறப் பாடல்கள், எண்பதுகளில் வந்து இரண்டே வாரம் ஓடிய ஏதோ ஒரு படத்தில் உங்கள் அம்மாவுக்கு மட்டும் பிடித்த அந்த ஒரு பாட்டு. இந்தப் பட்டியல்தான் உங்கள் அளவுகோல்.

பழைய பாடல்கள் ஒரு சேவையில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போவதற்குக் காரணம் உரிமை. எச்எம்வி முத்திரையுடன் வந்த பழைய இசைத்தட்டுகளின் உரிமை இன்று சரிகம நிறுவனத்திடம் உள்ளது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது சரிகமவுடன் உடன்பாடு எட்டப்படவில்லை. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2020இல் உடன்பாடு ஏற்படும் வரை தமிழின் பழைய படப் பாடல்களில் பெரும்பகுதி அந்தச் சேவையில் கிடைக்கவில்லை. 2023 மார்ச்சில் இதேபோல ஜீ மியூசிக்கின் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஒரே நாளில் மறைந்தன. ஆக, இன்று ஒரு சேவையில் இருக்கும் பாடல் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சந்தா கட்ட வேண்டும்.

பட்டியலைத் தேடும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, பெயர் எழுத்து. இந்தச் சேவைகளில் தமிழ்ப் பாடல்களின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் பதிவாகியுள்ளன. ஒரே இசையமைப்பாளரின் பெயரே இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டு, அவருடைய பாடல்கள் இரண்டு மூன்று பக்கங்களில் சிதறிக் கிடப்பதைப் பார்க்கலாம். ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்கவில்லை என்பதால் பாடலே இல்லை என்று முடிவு கட்டிவிடாமல், படத்தின் பெயர், பாடகர் பெயர், முதல் அடி என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். இரண்டாவது, மறுபாடல். அசல் உரிமை கிடைக்காத இடங்களில் அதே பாடலை வேறு யாரோ பாடிய பதிவு, அதே பெயருடனும் ஏறக்குறைய அதே அட்டைப் படத்துடனும் வந்து நிற்கும். பத்து விநாடி கேட்டாலே குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாடலையும் பெயரளவில் பார்த்து விடாமல் ஒலிக்கவிட்டே உறுதிசெய்ய வேண்டும். மூன்றாவது, ஆண்டு. பாடலுக்கு அருகில் காட்டப்படும் ஆண்டு பல நேரங்களில் அது டிஜிட்டலாக ஏற்றப்பட்ட ஆண்டே. 1964ஆம் ஆண்டுப் பாடல் 2010க்கு உரியதாகக் காட்டப்பட்டால் அதனாலேயே அது போலி என்று நினைத்துவிட வேண்டாம்.

கர்நாடக இசை கேட்பவர்கள் இன்னும் ஒன்றைச் சோதிக்க வேண்டும். ஆலாபனை, கிருதி, தனி ஆவர்த்தனம் என்று ஒரே மூச்சில் நடக்கும் கச்சேரியை வெளியீட்டு நிறுவனம் தனித்தனித் தடங்களாக வெட்டியிருக்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நடுவில் அரை விநாடி அமைதி விழுந்தால் ரசிகருக்கு அது கல் தடுக்குவதுபோல இருக்கும். இடைவெளியின்றி இசைக்கும் வசதி பெரிய சேவைகள் பலவற்றில் இருக்கிறது என்றாலும், வீட்டு ஸ்பீக்கருக்கு அனுப்பும்போது அது வேலை செய்யாமல் போவதுண்டு. எனவே நீங்கள் கேட்கப்போகும் கருவியிலேயே ஒரு கச்சேரியை ஓடவிட்டுப் பாருங்கள்.

இந்தப் படியில் யூடியூப் மியூசிக்குக்கு ஒரு தனி இடம் உண்டு. முறையாக வெளியிடப்பட்ட ஆல்பங்களோடு யூடியூபில் ரசிகர்கள் ஏற்றிய பதிவுகளும் அதில் தேடலுக்கு அகப்படுவதால், வேறெங்கும் இல்லாத கோயில் திருவிழா நாதஸ்வரமும் பழைய வானொலிக் கச்சேரியும் அங்கே கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் உரிமையாளர் புகார் கொடுத்தால் அவை எந்த நாளிலும் நீக்கப்படலாம். ஒலித்தரமும் ஏற்றியவர் கையில் இருந்த ஒலிநாடாவின் தரத்தைத் தாண்டாது. உங்கள் வீட்டில் குறுந்தகடுகள் இருந்தால், அவற்றைக் கணினியில் எம்பி3 ஆக மாற்றி யூடியூப் மியூசிக்கில் ஒரு லட்சம் பாடல்கள் வரை ஏற்றி வைத்துக்கொள்ளலாம். ஆப்பிள் மியூசிக்கிலும் சொந்தக் கோப்புகளை இதே எண்ணிக்கை வரை நூலகத்தில் சேர்க்க முடியும். ஸ்பாட்டிஃபை சொந்தக் கோப்புகளை அவை இருக்கும் கருவியிலிருந்து எடுத்து இசைக்குமே தவிர, தன் சேமிப்பகத்தில் ஏற்றிக்கொள்ளாது. சந்தைக்கு வராத பதிவுகளைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதாகிவிடும்.

படி 2: வீட்டில் ஒலி எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

வீட்டில் கேட்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. கைப்பேசியிலிருந்து புளூடூத் ஸ்பீக்கருக்கு அனுப்புவது ஒன்று. கைப்பேசியைக் கம்பி மூலம் பழைய ஆம்ப்ளிஃபையரிலோ ஹோம் தியேட்டரிலோ இணைப்பது இரண்டாவது. ஸ்பீக்கரே வைஃபை வழியாக இணையத்திலிருந்து பாடலை நேரடியாக எடுத்துக்கொள்வது மூன்றாவது. அமேசானின் எக்கோ, கூகுள் நெஸ்ட், ஆப்பிளின் ஹோம்பாட் போன்ற ஸ்பீக்கர்களும், ஸ்பாட்டிஃபை கனெக்ட், குரோம்காஸ்ட் ஆகிய முறைகளும் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. இதில் கைப்பேசி வெறும் ரிமோட்டாக மட்டுமே இருப்பதால், நடுவில் அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது. கைப்பேசியின் பேட்டரியும் மிச்சமாகும்.

ஆனால் பலர் கவனிக்கத் தவறும் சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. மூன்றாவது வழியில் ஸ்பீக்கர் பாடலை இணையத்திலிருந்து எடுக்கிறதே ஒழிய, உங்கள் கைப்பேசியில் பதிவிறக்கி வைத்த பாடல்களை அது தொடுவதே இல்லை. மின்சாரம் போய், இன்வெர்ட்டரில் ஸ்பீக்கர் உயிரோடு இருந்து, வைஃபை மட்டும் துண்டிக்கப்பட்டால், கைப்பேசியில் ஆயிரம் பாடல்கள் இருந்தும் அந்த ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். புளூடூத்திலும் கம்பி இணைப்பிலும் ஒலியைக் கைப்பேசியே அனுப்புவதால் பதிவிறக்கிய பாடல்கள் அப்படியே பயன்படும். அகன்ற அலைவரிசை (பிராட்பேண்ட்) இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் பகுதியில் குடியிருப்பவர்கள், புளூடூத்தையும் ஏற்கும் ஸ்பீக்கரையே வாங்க வேண்டும். எக்கோ, நெஸ்ட் இரண்டும் அதை ஏற்கின்றன.

எந்த ஸ்பீக்கர் எந்தச் சேவையுடன் சேரும் என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். எக்கோவில் அமேசான் மியூசிக் இயல்பாக இருக்கும். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் ஆகியவற்றையும் அலெக்சா செயலியில் இணைத்துக்கொள்ளலாம். ஹோம்பாட் ஆப்பிள் மியூசிக்குக்காகவே செய்யப்பட்டது. அதில் ஸ்பாட்டிஃபையைக் குரலால் கேட்டுப் போட முடியாது, ஐபோனிலிருந்து ஆப்பிளின் கம்பியில்லா முறையான ஏர்பிளே மூலம்தான் அனுப்ப வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஸ்பீக்கர் இருக்கும்போது அதற்குப் பொருந்தாத சேவையை எடுத்துவிட்டுப் பிறகு புதிய ஸ்பீக்கர் தேடி அலைவது வீண் செலவு.

குரலால் பாட்டுக் கேட்பது பெரியவர்களுக்கு வசதி என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மைதான். இந்த ஸ்பீக்கர்கள் இந்தியாவில் ஆங்கிலமும் இந்தியும் பழகியவை. தமிழ்ப் பாடலின் முதல் அடியை நாம் சொல்லும் இயல்பான உச்சரிப்பில் சொன்னால் வேறேதோ ஒன்றை எடுத்துப் போடும். வாங்குவதற்கு முன் உறவினர் வீட்டிலோ கடையிலோ உங்கள் தாயாரைப் பேசவைத்து ஐந்தாறு பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். செயலி, கடவுச்சொல், வைஃபை எதுவும் வேண்டாம் என்று நினைக்கும் முதியவருக்குச் சரிகம 2017இல் அறிமுகப்படுத்திய கேரவான் பெட்டி இன்றும் நல்ல மாற்று. பாடல்களை முன்பே ஏற்றி விற்கப்படும் அதில் தமிழுக்கான பதிப்பும் உண்டு. அதற்குச் சந்தாவும் கிடையாது, இணையமும் தேவையில்லை.

படி 3: ஒலித்தர எண்களுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது

என் கருத்தில் மக்கள் தேவைக்கு மேல் கவலைப்படுவது இந்த ஒன்றைப் பற்றித்தான். ஒலித்தரம் விநாடிக்கு எத்தனை கிலோபிட் என்று அளக்கப்படுகிறது. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான உயர்ந்த தரம் 320 கிலோபிட். ஆப்பிள் மியூசிக்கின் சாதாரணத் தரமும் யூடியூப் மியூசிக்கின் உயர்ந்த தரமும் 256 கிலோபிட். இவை வெவ்வேறு சுருக்க முறைகளைப் பயன்படுத்துவதால் எண்ணை மட்டும் வைத்து ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று சொல்லிவிட முடியாது. அதற்கும் மேலே, எதையும் இழக்காமல் சுருக்கும் லாஸ்லெஸ் தரம் இருக்கிறது. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் கூடுதல் கட்டணம் இல்லாமல் இதைக் கொடுக்கத் தொடங்கியது. ஒலி எவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகிறது என்று காட்டும் அளவில், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை அதில் போகலாம். ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில்தான், 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வரையிலான லாஸ்லெஸ்ஸைப் பல நாடுகளில் அறிமுகப்படுத்தியது. யூடியூப் மியூசிக்கில் அது இல்லை.

லாஸ்லெஸ் ஒலியை முழுமையாகக் கேட்க வேண்டுமானால் பெரும்பாலும் கம்பி இணைப்போ வைஃபை ஸ்பீக்கரோ வேண்டும். குறுந்தகட்டின் ஒலி சுருக்கப்படாத நிலையில் விநாடிக்கு 1,411 கிலோபிட். புளூடூத் முறைகளில் தாராளமானது என்று பெயர் பெற்ற எல்டாக் கூட 990 கிலோபிட்டைத் தாண்டாது, ஐபோன்கள் அதையும் ஆதரிப்பதில்லை. ஆகவே புளூடூத் இயர்போனில் மட்டும் கேட்பவர் லாஸ்லெஸ்ஸுக்காகக் கூடுதல் பணம் கட்டினால், அந்தப் பணம் டேட்டாவையும் நினைவகத்தையும் தின்பதற்குத்தான் உதவும். 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட தரத்தை ஐபோனிலிருந்து கேட்கத் டிஜிட்டல் தரவை ஒலியாக மாற்றித் தரும் டாக் என்ற தனிக் கருவி வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பாடல்களைப் பொறுத்தவரை இன்னொரு உண்மையும் உண்டு. ஐம்பதுகளின் படப் பாடல் மோனோவில் பதிவாகி, இசைத்தட்டாகி, பிறகு என்றோ ஒரு நாள் டிஜிட்டலுக்கு மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தை யார், எந்த மூலத்திலிருந்து, எவ்வளவு அக்கறையுடன் செய்தார்கள் என்பதே அந்தப் பாடல் இன்று எப்படி ஒலிக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் மேல்தட்டு ஒலிகளையும் சேர்த்து வழித்துவிட்ட பதிவை லாஸ்லெஸ்ஸில் கேட்டாலும் அந்தக் குறை தீராது. ஒரே பாடல் இரண்டு மூன்று தொகுப்பு ஆல்பங்களில் இருந்தால் ஒவ்வொன்றையும் கேட்டு, நன்றாக ஒலிப்பதைச் சேமித்துக்கொள்வதுதான் பழைய பாடல் ரசிகர் செய்யக்கூடிய உண்மையான தரமுயர்த்தல்.

டேட்டாக் கணக்கு எளிது. 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் 144 எம்பி செலவாகும். 160 கிலோபிட்டில் அதில் பாதி. குறுந்தகட்டுத் தர லாஸ்லெஸ் பாடலைப் பொறுத்து மணிக்கு ஏறக்குறைய 300 முதல் 450 எம்பி வரை எடுக்கும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் இருப்பவர் பயணத்தில் லாஸ்லெஸ்ஸைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

படி 4: இணையம் இல்லாத இடத்துக்கான ஏற்பாடு

வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதை, இரவு ரயில், விமானம், கப்பல் என்று சிக்னல் விட்டுப்போகும் இடங்களுக்காகத்தான் பலர் சந்தாவே எடுக்கிறார்கள். எனவே நீங்கள் எடுக்கும் திட்டத்தில் பதிவிறக்கம் உண்டா என்பதைப் பெயரைப் பார்த்து ஊகிக்காமல் வாசித்து உறுதிசெய்யுங்கள். ஸ்பாட்டிஃபை 2025 நவம்பரில் இந்தியாவில் லைட், ஸ்டாண்டர்ட், பிளாட்டினம் என்று சந்தாவை மூன்று படிகளாகப் பிரித்தபோது, லைட் திட்டத்தில் விளம்பரம் இல்லை, ஆனால் பதிவிறக்கமும் இல்லை. ஸ்டாண்டர்டிலிருந்துதான் அது தொடங்குகிறது, லாஸ்லெஸ் பிளாட்டினத்தில் மட்டுமே. இதேபோல யூடியூப் பிரீமியம் லைட் என்ற மலிவான திட்டம் மற்றக் காணொளிகளுக்கு விளம்பரத்தைக் குறைக்குமே தவிர, இசைக்கு அது உதவாது. மலிவு என்று பார்த்து எடுத்துவிட்டு ரயிலில் ஏறிய பிறகு தெரிந்துகொள்ளும் செய்தியாக இது இருக்கக் கூடாது.

பதிவிறக்கிய பாடல் உங்களுடைய சொத்து ஆகிவிடுவதில்லை. அது பூட்டப்பட்ட கோப்பாகச் செயலிக்குள்ளேயே இருக்கும். பென் டிரைவில் நகலெடுத்து காரின் யுஎஸ்பி துளையில் செருகிக் கேட்க முடியாது, நண்பருக்கு அனுப்ப முடியாது, சந்தா முடிந்தால் திறக்காது, செயலியை நீக்கினால் எல்லாமே அழிந்துவிடும். ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் இரண்டிலும் 30 நாட்களுக்கு ஒருமுறையாவது கருவியை இணையத்தில் இணைக்க வேண்டும். இல்லையென்றால் பதிவிறக்கங்கள் செயலிழக்கும். தூத்துக்குடியிலிருந்து மாதக்கணக்கில் கடலுக்குப் போகும் கப்பல் பணியாளருக்கு இந்த விதி ஒன்றே போதும், சந்தாவை நம்பிப் போக வேண்டாம் என்று முடிவெடுக்க. அவர் குறுந்தகட்டிலிருந்து எடுத்த அல்லது விலைக்கு வாங்கிய எம்பி3 கோப்புகளைத் தனி நினைவட்டையில் வைத்துக்கொள்வதே சரி. பென் டிரைவ் மட்டுமே ஏற்கும் பழைய காருக்கும் இதே ஆலோசனைதான்.

எண்ணிக்கை வரம்பும் உண்டு: ஸ்பாட்டிஃபை ஒரு கருவியில் 10,000 பாடல்கள் வீதம் ஐந்து கருவிகள் வரை அனுமதிக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு முதலில் தீர்ந்துபோவது கைப்பேசியின் நினைவகம்தான். நான்கு நிமிடப் பாடல் 320 கிலோபிட்டில் 9.6 எம்பி பிடிக்கும், ஆகவே 500 பாடல்களுக்கு ஐந்து ஜிபியை ஒதுக்க வேண்டும். லாஸ்லெஸ்ஸில் அதே 500 பாடல்கள் ஏறக்குறைய 10 முதல் 15 ஜிபி வரை பிடிக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நினைவட்டைக்கு இடம் இருந்தால் செயலியின் அமைப்பில் சேமிக்கும் இடத்தை அங்கே மாற்றிவிடுங்கள்.

செய்யும் முறை இது. செயலியின் அமைப்புகளில் நேரடியாகக் கேட்கும் தரம், பதிவிறக்கும் தரம் என்று இரண்டு தனித்தனி இடங்கள் இருக்கும்; பலர் முதலாவதை மட்டும் உயர்த்திவிட்டு, பதிவிறக்கங்கள் குறைந்த தரத்திலேயே வந்து சேர்ந்ததைப் பல மாதம் கவனிக்காமல் இருப்பார்கள். பதிவிறக்கத் தரத்தை முதலில் முடிவுசெய்து, கைப்பேசி டேட்டாவில் பதிவிறக்குவதை நிறுத்தி, வீட்டு வைஃபையில் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டின் பேட்டரி சேமிப்பு முறை பின்னணியில் பதிவிறக்கத்தை நிறுத்திவிடக்கூடும் என்பதால் செயலிக்கு விலக்குக் கொடுங்கள். முடிந்த பிறகு கைப்பேசியை விமான முறையில் (ஏர்பிளேன் மோட்) போட்டு, பட்டியலில் அங்கொன்று இங்கொன்றாகப் பாடல்களை ஓடவிடுங்கள். இந்தச் சோதனையைப் பயணத்தன்று காலையில் செய்யாமல் முந்தின நாளே செய்தால், ஏதாவது விட்டுப்போயிருந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்கும்.

படி 5: கணக்கு யாருடையது, எத்தனை பேர் கேட்பது

தனிநபர் சந்தாவில் ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் இணையம் வழியாகப் பாட்டு ஓடும். காலையில் பூஜையறையில் ஸ்பீக்கரில் சுப்ரபாதம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே கணக்கில் மகள் பேருந்தில் இயர்போனை மாட்டினால் சுப்ரபாதம் நின்றுபோகும். மகள் பதிவிறக்கிய பாடல்களை விமான முறையில் கேட்டால் இந்த மோதல் இருக்காது என்பது சிறு தந்திரம்; நிரந்தரத் தீர்வு குடும்பத் திட்டம்தான். ஆப்பிள் மியூசிக்கின் குடும்பத் திட்டத்தில் ஆறு பேர் வரை சேரலாம், ஒவ்வொருவருக்கும் தனி நூலகமும் தனிப் பரிந்துரைகளும் கிடைக்கும். யூடியூபில் கணக்கு வைத்திருப்பவரோடு ஐந்து பேர் சேரலாம்.

குடும்பம் என்று இந்த நிறுவனங்கள் சொல்வது நம்முடைய குடும்பம் போன்றதில்லை. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் ஒரே முகவரியில் வசிப்பவர்களையே குடும்பம் என்று ஏற்கின்றன. ஆப்பிளில் அனைவருடைய கணக்கும் ஒரே நாட்டுக்குரியதாக இருக்க வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் மகனையும் திருச்சியில் இருக்கும் பெற்றோரையும் ஒரே திட்டத்தில் சேர்த்துச் செலவைப் பிரித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட வேண்டாம். வெளிநாட்டில் உள்ளவர் அந்நாட்டுக் கணக்கில், அந்நாட்டு விலையில் தனியாக எடுப்பதே பின்னால் தொல்லை தராது.

படி 6: பணம் கட்டுவது

உங்கள் கைப்பேசித் திட்டம், அகன்ற அலைவரிசைத் திட்டம், அமேசான் பிரைம் போன்றவற்றோடு ஏதாவது இசைச் சந்தா ஏற்கெனவே இலவசமாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். இருமுறை பணம் கட்டுவோர் நிறையப் பேர். யூடியூப் பிரீமியம் வைத்திருப்பவருக்கு யூடியூப் மியூசிக்கின் கட்டணச் சேவையும் அதிலேயே அடங்கிவிடுகிறது. வீட்டில் எப்படியும் யூடியூப் பார்க்கிறார்கள் என்றால், விளம்பரத் தொல்லை நீங்குவதையும் சேர்த்துப் பார்க்கும்போது பெரும்பாலும் இதுவே சிக்கனமாக முடியும்.

சோதனை மாதம் இலவசம் என்றாலும் யுபிஐ தானியங்கிக் கட்டணத்துக்கோ அட்டைக்கோ முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொள்வார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படிப்பட்ட தொடர் கட்டணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். அது குறுஞ்செய்திக் குவியலில் கண்ணில் படாமல் போவதே வழக்கம். ஆகவே சோதனையைத் தொடங்கும் அன்றே, அது முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாக ஒலிக்குமாறு கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடாது. எங்கே சேர்ந்தீர்களோ அங்கேயே, அதாவது சேவையின் இணையதளத்திலோ கூகுள் பிளே, ஆப் ஸ்டோர் கணக்கிலோ சென்று ரத்துசெய்ய வேண்டும். யுபிஐ செயலியிலும் தானியங்கிக் கட்டணப் பகுதியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஆண்டுச் சந்தா மலிவுதான் என்றாலும், பாடல்கள் ஒரு சேவையிலிருந்து ஒரே நாளில் மறையக்கூடிய சூழலில் முதல் ஆண்டு மாதச் சந்தாவிலேயே இருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

படி 7: முடிவெடுத்து, இடம் மாறுவது

இரண்டு சேவைகளைத் தேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனைக் காலத்தில் பயன்படுத்துங்கள். தாளில் எழுதிய பட்டியலில் எத்தனை பாடல்கள் அசல் குரலில் கிடைத்தன, வீட்டு ஸ்பீக்கரில் எப்படி ஓடியது, விமான முறையில் எத்தனை தடுமாறின என்று குறித்துவாருங்கள். என்னைக் கேட்டால், வீட்டில் ஐபோனும் கம்பியில் இணைத்த நல்ல ஆம்ப்ளிஃபையரும் இருப்பவருக்கு ஆப்பிள் மியூசிக். பல வகைக் கருவிகள் கலந்த வீட்டில், எந்த ஸ்பீக்கரிலும் கைப்பேசியைத் தொடாமல் ஓட வேண்டும் என்பவருக்கு ஸ்பாட்டிஃபை. அரிய பதிவுகளைத் தேடுபவருக்கும் சொந்தக் கோப்புகளை நிறைய வைத்திருப்பவருக்கும் யூடியூப் மியூசிக். ஆப்பிள் மியூசிக் ஆண்ட்ராய்டிலும் நன்றாகவே இயங்குகிறது என்பதால் கைப்பேசி மாறினாலும் அதை விட்டுவிட வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழ், இந்தி தவிர வேறெதுவும் கேட்காதவர் ஜியோசாவனையும் இரண்டில் ஒன்றாக வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். பட்டியல் அங்கே முழுமையாகக் கிடைத்தால் அதைவிடப் பெரிய சேவைக்குப் போக வேண்டிய தேவை இல்லை.

பழைய சேவையில் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பாடல் பட்டியல்களைப் புதியதற்குக் கொண்டுசெல்ல சவுண்டீஸ், டியூன் மை மியூசிக் போன்ற கருவிகள் உள்ளன. ஆங்கிலப் பாடல்களை இவை ஏறக்குறைய முழுமையாக மாற்றிவிடும். தமிழில், முன்பு சொன்ன எழுத்துக்கூட்டல் குழப்பத்தால், அசலுக்குப் பதிலாக மறுபாடலையோ அதே தலைப்புள்ள வேறு படத்தின் பாடலையோ இழுத்துவரும். மாற்றி முடித்ததும் பட்டியலை ஒருமுறை முழுவதும் கேட்டுத் திருத்துங்கள். அதுவரை பழைய சந்தாவை ரத்துசெய்யாதீர்கள். எந்த ஆல்பத்திலிருந்து எந்தப் பதிவை வைத்திருந்தீர்கள் என்று சரிபார்க்க அது தேவைப்படும். திருத்தி முடித்து, புதிய சேவையில் பதிவிறக்கங்களும் இறங்கி, விமான முறைச் சோதனையும் தேறிய பிறகு, அடுத்த கட்டணத் தேதிக்கு முன்னதாகப் பழையதை நிறுத்திவிடலாம்.